ஸ்ரீ கங்காநகருக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: முதலில் தண்ணீர் வாரியைக் கேளுங்கள்

கோவைப் பஞ்சாலை ஒன்றுக்குப் பருத்தி பார்த்து வாங்கும் வேலையில் எட்டு சீசன் ஸ்ரீ கங்காநகரில் தங்கியிருந்தேன். நம் பக்கத்திலிருந்து அங்கே போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பஞ்சு, கடுகு வாங்கப் போகிறவர்கள், வங்கி மாற்றலில் போகிறவர்கள், சூரத்கட் ராணுவக் குடியிருப்புக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் என்று பலர். யாராவது கிளம்பினால் எனக்கு ஒரு போன் வரும், ஒரே விஷயங்களைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். அதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

கிளம்புவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். வரைபடத்தில் அது ராஜஸ்தான். அதனால் மணல்மேடும் ஒட்டகமும் மனதில் வரும். ரயில் ஊரை நெருங்கும்போது கண்ணில் படுவது கோதுமை வயல், கின்னூ என்ற ஆரஞ்சு வகைத் தோட்டம், வாய்க்கால் கரையில் வரிசையாக நிற்கும் சீஷம் மரங்கள். காதில் விழுவது பஞ்சாபி. வடக்கே பஞ்சாப், மேற்கே பாகிஸ்தான் எல்லை. ராஜஸ்தானின் வடக்கு மூலையில் இப்படி ஒரு மாவட்டம் எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

1899-1900இல் பீகானேர் சமஸ்தானத்தில் பெரும் பஞ்சம். விக்கிரம ஆண்டு 1956 என்பதால் அதைச் 'சப்பனியா' என்று இன்றும் சொல்வார்கள். அப்போது இளைஞராக இருந்த மகாராஜா கங்கா சிங், ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தே தீருவது என்று முடிவெடுத்தார். 1920இல் பஞ்சாப், பகவல்பூர், பீகானேர் மூன்றும் சத்லஜ் நீருக்கு ஒப்பந்தம் போட்டன. 1925 டிசம்பரில் பெரோஸ்பூரில் அடிக்கல் நட்டார்கள். 1927 அக்டோபர் 26 அன்று வைஸ்ராய் இர்வின் பிரபு கால்வாயைத் திறந்துவைத்தார். தண்ணீர் வந்ததும் அதை வைத்து விவசாயம் பண்ணத் தெரிந்த குடும்பங்கள் பஞ்சாபிலிருந்து வந்து நிலம் வாங்கிக் குடியேறின. 1947க்குப் பிறகு, பாகிஸ்தானுக்குப் போன பகவல்பூர், மாண்ட்கோமரி பக்கத்திலிருந்து அகதிகளாக இன்னும் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ஏற்கெனவே இருந்தவர்கள் ராஜஸ்தானி வகையான பாக்ரி பேசுகிறவர்கள். ஆக, இந்த மாவட்டமே தண்ணீரைத் தொடர்ந்து வந்த ஜனங்கள் கட்டியது. நூறு வருஷம்கூட ஆகவில்லை. தாத்தா காலத்துக் கதையாக இதைச் சொல்லும் வீடுகள் ஊர் முழுக்க இருக்கின்றன.

போய்ச் சேருவது

திருச்சியிலிருந்தே நேர் ரயில் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. ஸ்ரீ கங்காநகர் – திருச்சி ஹம்சஃபர், வாரம் ஒருமுறை ஓடுகிறது. பயணம் கிட்டத்தட்ட மூன்று நாள். குடும்பத்தோடு, சாமான் மூட்டையோடு மாற்றலில் போகிறவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை. கிழமையும் நேரமும் மாறக்கூடியவை, பதிவு செய்யும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். தனியாகப் போகிறவர்கள் டெல்லி வரை வந்து, அங்கிருந்து ரோத்தக், பட்டிண்டா, அபோகர் வழியாகப் போகும் ரயிலைப் பிடிக்கலாம். டெல்லியிலிருந்து எட்டு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. மூடுபனி இறங்கினால் ரயில் எத்தனை மணி நேரம் தாமதமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த மாதங்களில் டெல்லியில் இணைப்பு ரயிலுக்கு நடுவே அரை நாளாவது இடைவெளி விடுங்கள்.

காதைப் பழக்குவது

ஊரில் கடைப்பலகை எல்லாம் இந்தியில், தேவநாகரியில்தான் இருக்கும், ராஜஸ்தான் அரசு என்பதால். பஞ்சாபியை எழுதும் குருமுகி எழுத்தைக் குருத்வாராவில் பார்ப்பீர்கள். பஞ்சாப் எல்லையைத் தாண்டி அபோகர் போனால் பலகைகள் குருமுகிக்கு மாறிவிடும். ஆகவே படிக்கத் தேவநாகரி, பேசப் பஞ்சாபி என்று பிரித்துக்கொள்ளுங்கள். இந்தி கொஞ்சம் தெரிந்தால் போதும், வேலை நடக்கும். ஆனால் ஒரு வாக்கியம் பஞ்சாபியில் சொன்னால் எதிரில் இருப்பவர் முகமே மாறும்.

நம் காதுக்கு முதலில் குழப்புவது ஒன்று உண்டு. இந்தியில் அழுத்தி மூச்சுவிட்டுச் சொல்லும் ஓசைகளைப் பஞ்சாபியில் அப்படிச் சொல்வதில்லை. வீடு என்பதற்கான 'கர்' என்ற சொல் இந்திக்காரர் வாயில் கனமாக வரும். பஞ்சாபிக்காரர் அதை நம் தமிழ்க் ககரத்தைப் போல லேசாகத் தொடங்கி, குரலைத் தாழ்த்திச் சொல்வார். குரலின் ஏற்ற இறக்கத்தில்தான் சொல் பிரிகிறது. இந்தியை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தவர்கள்தான் இங்கே அதிகம் திணறுகிறார்கள். கேட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடுகிறது.

அழைக்கும் முறையில் கவனம் வேண்டும். சம வயது ஆணை 'வீர்ஜி' என்று கூப்பிடுங்கள், அண்ணே என்பது போல. பெரியவரை 'பாவுஜி' என்றும் வீட்டுப் பெரியம்மாவை 'பீபிஜி' என்றும் கூப்பிடலாம். சீக்கியர் என்றால் 'சத் ஸ்ரீ அகால்', பாக்ரி பேசுகிறவர் என்றால் 'ராம் ராம்'. யார் என்று தெரியாவிட்டால் ராம் ராம் சொல்லுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. நீங்கள் என்பதற்கு 'துசீ'. 'தூ' என்று தொடங்கிவிடாதீர்கள். நண்பர்களுக்குள் அவர்கள் சொல்லிக்கொள்வார்கள், புதிதாக வந்தவர் சொல்லக் கூடாது.

அப்புறம் எண்கள். விலை பேசும் இடத்தில் முழு எண்ணே வராது. 'சவா சௌ' என்றால் 125. 'டேட் சௌ' 150. 'பௌணே தோ சௌ' 175. 'டாயி ஹஸார்' 2,500. நம்மூரில் ஒன்றரை, இரண்டேகால் என்பது போலத்தான், ஆனால் காதில் விழும் வேகத்தில் பிடிபடாது. ஒரு வாரம் காய்கறிக்கடையில் நின்று இதை மட்டும் கேளுங்கள்.

முகவரி படிப்பது

மாவட்டத்தில் ஊர்ப்பெயர் கேட்டால் '18 பி.பி.', '3 ஈ சோட்டி' என்று சொல்வார்கள். இவை வீட்டு எண்ணோ தெரு எண்ணோ அல்ல, ஊர்களின் பெயர்களே. 'சக்' என்பார்கள். எந்தக் கிளை வாய்க்காலிலிருந்து தண்ணீர் வருகிறதோ அதன் எழுத்து, அதில் எத்தனையாவது என்ற எண், இரண்டும் சேர்ந்து ஊரின் பெயர். கால்வாய் வந்த பிறகுதான் ஊர் வந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

முதல் வருஷம் '6 ஜெட்' என்ற சக்குக்கு வரச் சொன்னார்கள். நான் அதை 'ஜே' என்று எழுதிக்கொண்டு ஒரு மதியம் முழுவதும் வாடகை ஜீப்பில் சுற்றினேன். வெயிலில் ஓட்டுநரும் களைத்துப்போனார். கடைசியில் ஒரு டீக்கடைப் பெரியவர் மண்ணில் விரலால் எழுதிக் காட்டினார். நாம் 'இசட்' என்று சொல்லும் எழுத்தை அங்கே 'ஜெட்' என்கிறார்கள். ஒரு எழுத்து மாறினால் வாய்க்காலே மாறிவிடும், போய்ச் சேரும் இடம் முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளிப்போகும். எனவே எழுத்தை எழுதிக் காட்டச் சொல்லுங்கள், எந்தச் சாலை, பக்கத்தில் எந்தப் பெரிய ஊர் என்றும் கேளுங்கள். பதம்பூர், கரண்பூர், ராய்சிங்நகர், சாதுல்ஷகர், கட்சானா, அனூப்கட், சூரத்கட் ஆகிய பெயர்கள் மனதில் இருந்தால் திசை தெரிந்துவிடும்.

நில அளவும் இதே ஒழுங்கில்தான். 25 பீகா சேர்ந்தது ஒரு முரப்பா, சதுரம். இங்கே ஒரு பீகா 165 அடிக்கு 165 அடி. ஆக முரப்பா என்பது சுமார் 15.6 ஏக்கர். எல்லைக்கு அந்தப் பக்கம் பஞ்சாபில் முரப்பா என்றால் 25 ஏக்கர். சொல் ஒன்று, அளவு வேறு. தோட்டக் குத்தகை பேச வந்தவர்கள் இதில் ஏமாந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

நகரத்துக்குள் வழி சுலபம். கட்டம் போட்டு அமைத்த ஊர், தெருக்கள் நேராக ஓடும். நடுவில் கோல் பஜார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் புரானி ஆபாதி, பழைய குடியிருப்பு. பாடகர் ஜக்ஜித் சிங் 1941இல் பிறந்தது இந்த ஊரில்தான். அதைச் சொல்லாமல் யாரும் உங்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்ட மாட்டார்கள், சொல்லும்போது அந்தக் குரலில் ஒரு பெருமை இருக்கும்.

வாரி

எல்லாவற்றையும்விட முக்கியமானது இது. வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

கால்வாயிலிருந்து வயல் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு 'மோகா'. வயல் வாய்க்காலைக் 'கால்' என்கிறார்கள். நம் சொல்லைப் போலவே இருக்கும், ஓசை மட்டும் கொஞ்சம் கனம். ஒரு மோகாவின் கீழுள்ள எல்லா நிலத்துக்கும் வாரத்தின் 168 மணி நேரத்தைப் பங்கிட்டு வைத்திருக்கிறார்கள். இந்தப் பங்குதான் 'வாரி'. சிலர் 'பாரி' என்பார்கள். கணக்கு எளிது. ஒரு மோகாவின் கீழ் 600 பீகா இருந்தால், பீகாவுக்கு 16.8 நிமிஷம். ஒரு முரப்பாக்காரருக்கு ஏழு மணி நேரம். அது செவ்வாய் இரவு 2 மணி 20 நிமிஷத்துக்குத் தொடங்குகிறது என்றால், எப்போதும் அப்போதுதான். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் வாரி காத்திருக்காது. தவறவிட்டால் அடுத்த முறைதான். அதிலும் எல்லாக் கிளைகளிலும் எல்லா வாரமும் தண்ணீர் ஓடாது. கிளைகளைக் குழுவாகப் பிரித்து மாற்றி மாற்றி விடுவதால், ஒரு வாரி போனால் பயிருக்குப் பல நாள் தாகம்.

ஒரு ஜனவரி இரவு நான் தங்கியிருந்த விவசாயி வீட்டில் அவருடன் நானும் போனேன். பனியில் டார்ச் வெளிச்சம் மூன்றடிக்கு மேல் போகவில்லை. தோளில் கஸ்ஸி, அதாவது மண்வெட்டி. மடை வாயில் பக்கத்து நிலத்துக்காரர் கையில் கடிகாரத்தோடு ஏற்கெனவே நின்றிருந்தார். இருவரும் சத் ஸ்ரீ அகால் சொல்லிக்கொண்டார்கள், அதற்கு மேல் பேச்சில்லை. நிமிஷம் வந்ததும் அவர் தன் மடையை மூட, இவர் நான்கு வெட்டில் தன் மடையைத் திறந்தார். காய்ந்த இலைகளையும் கோதுமைத் தூசியையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஸ்ஸ் என்ற சத்தத்தோடு தண்ணீர் வாய்க்காலுக்குள் நுழைந்தது. இவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் குளிரில் காலை உள்ளே வைத்து, எவ்வளவு ஆழம் என்று பார்த்தார். பஞ்சு விலை எப்படி ஏறுகிறது இறங்குகிறது என்று அதுவரை தாளில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அது எங்கே தொடங்குகிறது என்று அன்றுதான் தெரிந்தது.

இதிலிருந்து உங்களுக்கு வேண்டிய பாடங்கள் நேரடியானவை. யாரையாவது பார்க்க நேரம் கேட்கும்போது "உங்கள் வாரி எப்போது?" என்று முதலில் கேளுங்கள். அந்த நேரத்தைத் தவிர்த்துச் சந்திப்பு வையுங்கள். விருந்தின் நடுவில் வீட்டுக்காரர் எழுந்து போனால் வருத்தப்படாதீர்கள். வேலையாள் மறுநாள் தாமதமாக வந்தால் இரவு வாரியா என்று விசாரியுங்கள். ராத்திரியில் மோகா பக்கம் வெளியாள் நிற்க வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். தண்ணீர்த் திருட்டு இங்கே பெரிய குற்றம், பெரிய சண்டை. 2004இல் கட்சானா, ராவ்லா பக்கம் இந்திரா காந்தி கால்வாய்த் தண்ணீர் கேட்டு நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு வரை போய் விவசாயிகள் உயிரிழந்தார்கள். காவிரியைத் தெரிந்த நமக்கு இந்த வலி புதிதில்லை. அதனால்தான் சொல்கிறேன், தண்ணீர்ப் பேச்சை அங்கே வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீடும் குடிநீரும்

வாடகை வீடு பார்க்கும்போது மேல்மாடியில் நேராக வெயில் விழும் அறை வேண்டாம். மே, ஜூனில் 45 டிகிரிக்கு மேல் சாதாரணமாகப் போகும். 1934 ஜூனில் 50 டிகிரியைத் தொட்ட ஊர் இது. அதே அறை ஜனவரியில் ஐஸ் பெட்டியாகிவிடும். ரஜாய் என்ற பஞ்சு மெத்தைப் போர்வை அங்கேயே தைத்து வாங்குங்கள், உள்ளூர்ப் பஞ்சு நிரப்பித் தருவார்கள். இங்கிருந்து கம்பளி சுமந்துபோக வேண்டியதில்லை.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது என்பது. ஊருக்குக் குடிநீர் வருவதும் அதே கால்வாயிலிருந்துதான். மார்ச் முதல் மே வரைக்குள் கால்வாயைப் பழுதுபார்க்க மூடுவார்கள், இதற்குப் பெயர் 'பந்தி'. பத்திரிகையில் தேதி வரும். அது வந்ததும் எல்லா வீட்டிலும் தொட்டியை நிரப்பிவைப்பார்கள். பந்தி முடிந்து முதலில் வரும் தண்ணீரை உடனே குடிக்காதீர்கள். சில சமயம் கறுத்து, வாடையோடு வரும். மேலே லூதியானாவின் புட்டா நாலா என்ற ஓடை வழியாக ஆலைக் கழிவு சத்லஜில் கலப்பது இங்கே பல வருஷக் கவலை, அதற்காக மக்கள் தெருவில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள். நல்ல வடிகட்டி வாங்குங்கள், குழந்தைகள் இருந்தால் காய்ச்சிய தண்ணீர்தான்.

மண்டிக்குள் நுழைவது

'தான் மண்டி' என்ற தானியச் சந்தையே ஊரின் இதயம். கடுகு, கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை, பாசிப்பயறு, குவார், நர்மா எல்லாம் அங்கே வந்து விழும். நர்மா என்றால் அமெரிக்கன் பருத்தி. நாட்டுப் பருத்தியைத் 'தேசி' என்பார்கள். இரண்டுக்கும் விலை வேறு, பயன் வேறு, கலந்து பேசாதீர்கள்.

விவசாயி டிராலியில் கொண்டுவந்து தன் ஆட்தியாவின் கடை முன் இறக்குவார். ஆட்தியா என்பவர் கமிஷன் மண்டிக்காரர். கச்சா ஆட்தியா விவசாயிக்காக விற்பவர். பக்கா ஆட்தியா வெளியூர் வியாபாரிக்காக வாங்குபவர். நீங்கள் வாங்க வந்தவர் என்றால் உங்களுக்கு வேண்டியவர் இரண்டாமவர். மண்டிக்குள் நேரடியாக வாங்க மண்டி சமிதியின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் டிராலிக்காரரிடம் தனியே விலை பேசினால் அது சட்டப்படியும் தவறு, மரியாதைப்படியும் தவறு. ஏனென்றால் விவசாயிக்கும் ஆட்தியாவுக்கும் உள்ள உறவு ஒரு மூட்டைப் பருத்தியோடு முடிவதில்லை. விதைக்கு, டீசலுக்கு, மகள் கல்யாணத்துக்கு அவரிடம்தான் பணம் வாங்கியிருப்பார். சில குடும்பங்களில் மூன்றாம் தலைமுறையாக ஒரே கடை. அந்த வட்டியைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு, விளைச்சலில் பெரும்பங்கு அதற்கே போவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இரவு பத்து மணிக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கதவைத் தட்டினால் திறப்பவரும் அவர்தான்.

ஏலத்துக்குப் 'போலி' என்று பெயர். ஏலக் கூட்டம் டிராலி டிராலியாக நகரும். வாங்குகிறவர் கையைத் தோள்வரை பருத்திக்குள் விட்டு, அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுப்பார். மேலே வெள்ளையாக இருப்பது கணக்கில்லை, அடியில் ஈரம் இருக்கிறதா என்பதே கணக்கு. இந்தியப் பருத்திக் கழகம் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு வாங்கும்போது ஈரப்பதம் 8 சதவீதத்துக்குள் இருந்தால் முழு விலை, 12 வரை குறைத்துக் கொடுப்பார்கள், அதற்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். முதல் சில நாள் நீங்கள் பேசாமல் கூட்டத்தோடு நடங்கள். முனீம் என்ற கணக்கர் எழுதும் சீட்டையும், பல்லேதார் என்ற சுமைத் தொழிலாளர்களின் கூலியையும் கவனியுங்கள். அந்தக் கூலியில் பேரம் பேசாதீர்கள்.

கணக்கில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. நம் ஊரில் பஞ்சு விலை கண்டிக்கு, அதாவது 355.6 கிலோவுக்கு. அங்கே 'மன்' கணக்கு, 37.324 கிலோ. மன் விலையை 9.528ஆல் பெருக்கினால் கண்டி விலை. மன்னுக்கு 5,700 ரூபாய் என்றால் கண்டி ஏறக்குறைய 54,300. ஆனால் வயல்காரர் "பீகாவுக்கு ஆறு மன் கிடைத்தது" என்று விளைச்சல் சொல்லும்போது அவருடைய மன் 40 கிலோ. பஞ்சுக் கடையில் ஒரு மன், வயலில் வேறு மன். எந்த மன் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

பருத்திக்காரர்களுக்கு இன்னொன்று. 2023இல் இளஞ்சிவப்புக் காய்ப்புழு இந்த மாவட்டத்தையும் பக்கத்து அனுமான்கட்டையும் நாசமாக்கியது. 'குலாபி சுண்டி' என்பார்கள். பறித்த பருத்தியைக் கையில் பிரித்துப் பாருங்கள். இரண்டு விதைகள் ஒட்டிக்கொண்டு, நடுவில் ஒரு சின்னத் துளை இருந்தால் உள்ளே புழு இருந்திருக்கிறது. இழை மஞ்சளாக, பலமில்லாமல் இருக்கும். அடுத்த வருஷமே பலர் நர்மாவை விட்டுப் பாசிப்பயறுக்கும் குவாருக்கும் மாறிவிட்டார்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய வரத்துக் கணக்கை வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள்.

குவார் என்றதும் என்னவோ என்று நினைக்க வேண்டாம், நம் கொத்தவரைதான். அதன் விதையிலிருந்து எடுக்கும் பசை எண்ணெய்க் கிணறு தோண்டப் பயன்படுகிறது. 2012 தொடக்கத்தில் அமெரிக்காவில் அதற்குத் தேவை கூடி, குவார் விதை குவிண்டால் 30,000 ரூபாய் வரை போய், முன்பேர வர்த்தகத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு விலை விழுந்தது. அந்த ஆண்டு வீடு கட்டியவர்களும் உண்டு, அதற்கடுத்த ஆண்டு அதிகம் விதைத்துக் கடன்பட்டவர்களும் உண்டு.

எந்த மாதம் எது

கடுகு அக்டோபரில் விதைத்து மார்ச்சில் வரும். கோதுமை ஏப்ரல் நடுவில், பைசாகி பண்டிகையை ஒட்டி. அந்த மூன்று வாரம் மண்டிச் சாலைகளில் டிராலி வரிசை நிற்கும், வேறு வேலை எதையும் அப்போது வைத்துக்கொள்ளாதீர்கள். நர்மா விதைப்பு ஏப்ரல் பாதியிலிருந்து மே, பறிப்பு செப்டம்பரிலிருந்து நவம்பர். குவார் அக்டோபர், நவம்பரில். கின்னூ டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. நம் கோயம்பேட்டில் குளிர்காலத்தில் பளபளவென்று குவித்திருக்கும் ஆரஞ்சுகளில் நிறைய இந்தப் பக்கத்து கின்னூதான்.

சாப்பாடு

சோற்றுக்கு ஏங்குவீர்கள், அதற்கு ஒரு மூட்டை அரிசி ரயிலில் கொண்டுபோகலாம். புளி, நல்ல சாம்பார்ப்பொடி இரண்டும் கட்டாயம். மற்றபடி குளிர்காலத்தில் கடுகுக்கீரை மசியலும் மக்காச்சோள ரொட்டியும், வெயிலில் மோர்க்குழம்புக்குச் சொந்தக்காரி போன்ற கடியும் பழகிவிடும். கம்பு ரொட்டி நம் கொங்கு வயிற்றுக்கு அந்நியமே இல்லை. கையில் காசில்லாத நாளிலும் ரயில் தாமதமான ராத்திரியிலும் குருத்வாராவின் லங்கரில், அதாவது அன்னதானத்தில், தலையில் துணி போட்டுக்கொண்டு உட்காரலாம். ரொட்டியை இரண்டு கையும் ஏந்தி வாங்குங்கள், வாங்கியதை மிச்சம் வைக்காதீர்கள்.

எல்லைப் பக்கம்

ஹிந்துமல்கோட் எல்லை, ஸ்ரீ கங்காநகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கம்பி வேலி வரை வயல் ஓடும். எல்லையை ஒட்டிய கிராமங்களில் இரவு நடமாட்டத்துக்கு மாவட்ட நிர்வாகம் அவ்வப்போது தடை உத்தரவு போடும். சரக்குப் பார்க்க அங்கே போவதென்றால் பகலில், உள்ளூர்க்காரர் ஒருவரோடு, அடையாள அட்டையோடு, பக்கத்துக் காவல் நிலையத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். ராணுவ வண்டிகளையோ காவல் கோபுரத்தையோ படம் எடுக்க வேண்டாம்.

விடுமுறை நாளில் ராய்சிங்நகர் பக்கம் புட்டா ஜோஹட் குருத்வாராவுக்குப் போகலாம். 1740இல் பொற்கோயிலை அவமதித்த மஸ்ஸா ரங்கரின் தலையை அமிர்தசரசிலிருந்து கொண்டுவந்த சுக்கா சிங், மெஹ்தாப் சிங் நினைவாக நிற்கும் இடம், அமாவாசைக்குக் கூட்டம் திரளும். அனூப்கட் அருகே பிஞ்சோரில் லைலா மஜ்னு சமாதி என்று சொல்லும் இடத்தில் ஜூன் மாதம் திருவிழா. பக்கத்து மாவட்டத்தில் காலிபங்கன், ஹரப்பா நகரக் காலத்துக்கும் முந்தைய உழுத வயலின் தடம் கிடைத்த இடம்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த இடம் எந்தப் புத்தகத்திலும் பெரிதாக இருக்காது. ஜனவரி காலை எட்டு மணிக்கு சாதுவாலி போங்கள், அபோகர் சாலையில் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர்தான். கால்வாய்க் கரையில் கேரட் மண்டி. டிராலியில் மண்ணோடு வரும் கேரட்டைக் கால்வாய்த் தண்ணீர் பாய்ச்சிச் சுழலும் இயந்திரத்தில் கொட்டுவார்கள். ஒரு பக்கம் மண் நிறத்தில் போவது மறுபக்கம் சிவந்து மின்னிக்கொண்டு வரும். ஆவி பறக்கும் டீயோடு ஆட்கள் சாக்கு தைத்துக்கொண்டிருப்பார்கள். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்க்கச் சொல்வார்கள். காசு கொடுத்தால் வாங்க மாட்டார்கள். வீட்டுக்கு இரண்டு கிலோ நிறுக்கச் சொல்லி அதற்குக் காசு கொடுத்துவிடுங்கள். கூடவே அந்த வாரம் எந்தக் கிளையில் தண்ணீர் ஓடுகிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள், கரைநெடுக நிற்கிறவர்கள் எல்லோரும் பதில் சொல்வார்கள்.